கராம்பு மணக்கும் அறை

அக்கா,

இன்று காலை என் ஸ்கேன் அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். லண்டன் வெம்பிளியில் மகளோடு இருக்கிறவர், ஊர் யாழ்ப்பாணப் பக்கம். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கட்டிலில் ஏறிப் படுப்பதற்கு முன்னால் ஒருமுறை மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். "இஞ்ச கராம்பு மணக்குதே, டொக்டர்," என்றார்.

நான் கையில் ஜெல் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாசனை எனக்கு மட்டும்தான் வருகிறது என்று இத்தனை மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. இல்லாத வாசனை மூக்கில் வருவதற்கு மருத்துவத்தில் பல காரணங்கள் உண்டு. சில சாதாரணமானவை, ஒன்றிரண்டு அப்படி இல்லை. என் தலையை நானே படமெடுத்துப் பார்க்கிற அளவுக்கு இன்னும் போகவில்லை, ஆனால் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் உடம்புக்குள் பார்த்தே பிழைக்கிறவளுக்கு இப்படி ஒரு பயம் வருவதில் ஆச்சரியமில்லை.

அந்த அறையில் கிராம்பு கிடையாது. கிராம்பு குத்திய ஆரஞ்சு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை உங்கள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, பெட்டியோடு அனுப்பிவிட்டோம். உங்களோடு சேர்ந்து எரிந்துபோயிற்று. பிறகு இந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களை நான் முதன்முதலில் பார்த்தபோது நீங்கள் மூத்திரம் குடித்துக்கொண்டிருந்தீர்கள். இப்படிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும், எத்தனை பேரிடம் நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். தேம்ஸ் நதிக்குத் தெற்கே அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு என் மகளின் வகுப்பைக் கூட்டிப் போயிருந்தார்கள். துணைக்கு வரும் பெற்றோர்களில் நானும் ஒருத்தி. அங்கே பிள்ளைகளுக்குப் பழைய வைத்தியத்தை நடித்துக்காட்டிப் பட்டறை நடத்துகிறவர் நீங்கள். தரை தொடும் கறுப்பு அங்கி, தலையில் பொருந்தாத ஒரு தொப்பி, கையில் உருண்டை அடியுள்ள கண்ணாடிக் குடுவை. அதற்குள் பொன்னிறத்தில் ஏதோ. இடைக்காலத்து வைத்தியர் இப்படித்தான் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், நிறம் பார்ப்பார், கலங்கலைப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், தேவைப்பட்டால் என்று சொல்லி நிறுத்தி, ஒரு வாய் குடித்தீர்கள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கட்டடமே ஆடியது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து, வாயசையாமல் தமிழில் சொன்னீர்கள்.

"பயப்பிடாதையுங்கோ. அப்பிள் ஜூஸ்தான்."

கழுத்துத் தாலியையும் நெற்றிப் பொட்டையும் வைத்து என்னைத் தமிழ் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "நீங்கள் இந்தியாவோ?" என்றீர்கள். "ஆமா, திருநெல்வேலி," என்றேன். என்ன வேலை என்று கேட்டீர்கள். ரேடியாலஜிஸ்ட், ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்கிற டாக்டர் என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தீர்கள்.

"அப்ப நீங்களும் நானும் ஒரே வேலைதான் செய்யிறம்," என்றீர்கள். "அந்தக் காலத்தில நோயாளி வரமாட்டார். ஆரேன் ஒருத்தர் குடுவையைக் கூடைக்குள்ள வைச்சுக் கொண்டுவருவார். வைத்தியர் தன்ர அறையில இருந்து அதைப் பாத்து, ஆளையே காணாமல், நோய் இன்னதெண்டு எழுதிக் குடுப்பார். இப்ப உங்கட அறைக்கு ஆர் வருகினம், ஆளோ படமோ?"

எனக்குக் கோபம் வந்தது. என் படிப்பையும் பரீட்சைகளையும் மூத்திரக் குடுவையோடு சேர்த்து வைக்கிறாளே ஒருத்தி என்று. ஆனால் வீட்டுக்குப் போகும் ரயிலில் நினைத்துப் பார்த்தால், நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முந்தின நாள் காலையில் மட்டும் முப்பது பேருக்குப் பக்கமாக ரிப்போர்ட் எழுதியிருந்தேன். ஒரு முகம்கூடத் தெரியாது.

பிறகு சனிக்கிழமைகளில் சந்திக்கப் பழகினோம். நான் கிங்ஸ்பரி, நீங்கள் வெம்பிளியில் அம்மாவோடு. உங்கள் வீட்டுக்குப் போனால் அம்மா என்னைக் காட்டி உங்களைக் குத்துவார். "டொக்டருக்குப் படியெண்டு சொன்னால் கேக்கேல்லை. இவள் செத்துப்போன டொக்டர்மாரைப் பற்றிப் படிச்சுப்போட்டு வந்து நிக்கிறாள்." நீங்கள் அசைய மாட்டீர்கள். "செத்த டொக்டர்மார் தங்கட பிழையை ஒளிக்கேலாது அம்மா. அதுதான் எனக்கு அவையளைப் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றுவீர்கள். கொஞ்ச நாளிலேயே 'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டது. எனக்கு முதலில் அந்த 'நீர்' விறைப்பாகப் பட்டது. எங்கள் ஊரில் 'நீர்' என்றால் சண்டைக்கு முந்தின மரியாதை. அது உங்கள் வாயில் எவ்வளவு கிட்டத்துச் சொல் என்று தெரிய நாளாயிற்று.

இப்போது யாரும் என்னை 'நீர்' என்று கூப்பிடுவதில்லை.

உடம்பில் நாலு நீர்கள் ஓடுகின்றன, அதில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நோய் என்று அந்தக் காலத்து ஐரோப்பாக்காரர்கள் நம்பியதை நீங்கள் சொன்னபோது, இதில் என்ன புதுசு, நம் சித்த வைத்தியத்தில் வாதம் பித்தம் கபம் என்று மூன்றுதானே என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மூத்திரத்தில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக விரிந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று நம் பழைய வைத்தியர்கள் பார்ப்பார்கள் என்று எப்போதோ காதில் விழுந்ததையும் சொல்லிவைத்தேன். அடுத்த சனிக்கிழமை நீங்கள் அருங்காட்சியகத்துத் தேநீர் அறையில் ஆப்பிள் ஜூஸும், ஈலிங் ரோட்டுக் கடையில் வாங்கிய நல்லெண்ணெய்ப் போத்தலும் வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். சொட்டு விட்டோம். மோதிரமாக விரிந்தது. "அப்பிளுக்குப் பித்தம்," என்று தீர்ப்புச் சொன்னீர்கள். தேநீர் அறைக்காரப் பெண் நம் இருவரையும் பார்த்த பார்வையை நினைத்து ரயில் ஏறும் வரை சிரித்தோம்.

ஆனால் அந்தக் காலத்து வைத்தியர்களைப் பார்த்து நான் சிரித்தால் உங்களுக்குப் பொறுக்காது. இரத்தத்தை வடித்தே ஆளைக் கொன்ற கூட்டம் அக்கா அது, நிலா எந்த ராசியில் நிற்கிறது என்று பார்த்துக் கத்தி வைத்தவர்கள், அவர்களை எப்படி வைத்தியர் என்கிறீர்கள் என்று ஒருநாள் சூடாகக் கேட்டேன். நீங்கள் சத்தம் போடவில்லை. பட்டறை நடக்கும் அறைக்குக் கூட்டிப் போய்ச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினீர்கள். பழைய சுவடி ஒன்றிலிருந்து பெரிதாக்கிய ஓவியம். கட்டிலில் ஒரு ராஜா, கிரீடத்தோடு படுத்திருக்கிறார். வைத்தியர் குடுவையைப் பார்க்கிறார். ராணி தரையைப் பார்க்கிறாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு வெள்ளைப் பறவை, அது மட்டும் ராஜாவின் முகத்தைப் பார்க்கிறது.

அந்தப் பறவையைப் பற்றி அன்றுதான் சொன்னீர்கள். அப்படி ஒரு பறவை இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். நோயாளியின் கட்டிலில் கொண்டுவந்து விட்டால் அது அவருடைய முகத்தைப் பார்க்கும், அல்லது திரும்பிக்கொள்ளும். திரும்பிக்கொண்டால் ஆள் தப்ப மாட்டார். பார்த்தால் பிழைப்பார். பார்க்கும்போதே நோயைத் தன் கண்ணால் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, சூரியனை நோக்கிப் பறந்துபோய் அந்த வெக்கையில் எரித்துவிடும்.

"அவையளிட்ட மருந்து இருக்கேல்லை," என்றீர்கள். "ஆனால் மருந்தை விட வேற என்ன வேணுமெண்டு இந்தப் படம் கீறினவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நீர் குடுவையைப் பாக்கிற ஆள். அதுதான் உமக்கு விளங்கேல்லை."

நான் யாரையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பது உங்கள் நிரந்தரப் புகார். என் வீட்டுக்காரருக்கும் அதே குறை. பேசும்போது என் கண் கோப்பைக்குப் போய்விடும், ஜன்னலுக்குப் போய்விடும், திரை இருந்தால் திரைக்குப் போய்விடும். தொழில் பழக்கம் என்று சமாளிப்பேன். உண்மையும் அதுதான். வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்கள் திரையைப் பார்ப்பதில்லை அக்கா. என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இருட்டில், திரை வெளிச்சம் விழுகிற என் முகத்தில் அவர்கள் தங்கள் விதியைத் தேடுவார்கள். புருவம் அசைந்தால் போதும், அவர்கள் மூச்சு நின்றுவிடும். அதனால் நான் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். நல்லதோ கெட்டதோ திரையோடு பேசி, "உங்க டாக்டருக்கு ரிப்போர்ட் போகும்" என்று சொல்லி எழுப்பி அனுப்பிவிடுவேன். இதை நான் சொன்னபோது, "அப்ப நீர் எல்லாருக்கும் திரும்பிக்கொள்ளுற பறவை," என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

உங்கள் பட்டறையில் வெள்ளைத் துணியில் தைத்த ஒரு பறவைப் பொம்மை உண்டு. கையை உள்ளே விட்டால் தலையைத் திருப்பலாம். ஒரு பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்து, கிரீடம் சூட்டி, பறவையைக் கால்மாட்டில் வைப்பீர்கள். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். பறவை இந்தப் பக்கம் பார்க்கும், அந்தப் பக்கம் பார்க்கும், கடைசியில் எப்போதும் ராஜாவைத்தான் பார்க்கும். நான் வந்திருந்த ஒரு நாள், ஒரு பையன் தன்னைச் சாக விடச் சொல்லிக் கெஞ்சினான். செத்து விழுந்து காட்ட அவனுக்கு ஆசை. டீச்சரும் சிரித்துக்கொண்டே, ஒரே ஒரு தடவை திருப்புங்களேன் என்றார். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பையன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

"விளையாட்டுத்தானேக்கா," என்றேன்.

"விளையாட்டுக்கும் வேண்டாம்," என்றீர்கள்.

இங்கிலாந்தில் எத்தனையோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் கட்டிலில் படுத்திருப்பார்கள். ஒருவரையும் நீங்கள் சாக விடவில்லை.

குளிர்காலப் பட்டறைக்குத்தான் அந்த ஆரஞ்சு. நீங்கள் தோடம்பழம் என்பீர்கள். கெட்ட நாற்றம்தான் கொள்ளைநோயைக் கொண்டுவருகிறது என்று நம்பிய ஜனங்கள் நல்ல வாசனையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழமும் ஒரு கிண்ணம் கிராம்பும் கொடுப்பீர்கள். உண்மையில் கிராம்பு குத்திய பழம் கொஞ்சம் பிந்தின காலத்தது என்று என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டீர்கள். "கொள்ளைநோய்க்கும் தெரியாது, பிள்ளையளுக்கும் தெரியாது." மிச்சப் பழம் ஒன்றை எனக்கென்று குத்தி, உம்மட இருட்டறையில வையும் என்று தந்தீர்கள். மேசை இழுப்பறையில் வைத்தேன். பழம் சுருங்கிக் கட்டையாகிவிட்டது, மணம் மட்டும் போகவில்லை.

அந்த வருஷம் மாசி மாதத்தில்தான் உங்கள் கண் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. டீக்கடை வெளிச்சம் என்று நினைத்தேன். வெளியே வந்தும் மஞ்சள்தான். "பித்தம் கூடிப்போச்சு போல. எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பாப்பமோ?" என்று நீங்களே கிண்டல் செய்தீர்கள். உங்கள் அம்மா செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை, என்று முடிவுகட்டி, கடையில் கீழ்க்காய்நெல்லித் தூள் வாங்கி மோரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். அந்த 'இல்லை' எனக்குப் பிடிக்கவில்லை. வலியோடு வரும் மஞ்சளை விட வலியில்லாமல் வரும் மஞ்சளைக் கண்டால்தான் எங்களுக்குப் பயம். நாளைக்கே உங்கள் டாக்டரிடம் போங்கள் என்று சொன்னேன், கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

என் மத்தியானப் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்தபோது முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். தெரிந்தவர்களை நாங்களே பார்க்கக் கூடாது, அது வழக்கம். வேறு ஒரு டாக்டரிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு, உங்களிடம் வந்து சொன்னேன். ஆஸ்பத்திரி அங்கியை முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"வேற ஆரும் வேண்டாம். நீரே பாரும்."

"அது சரியா வராதுக்கா."

"எனக்குச் சரியா வரும்," என்று சொல்லிக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டீர்கள்.

விளக்கை அணைத்தேன். ஜெல் குளிரும் என்று சொன்னேன். கல்லீரல் ஓரத்தில் தொடங்கி, பித்தப்பை, பித்தக்குழாய் என்று இறங்கினேன். குழாய் வீங்கியிருந்தது. அது எங்கே போய் அடைபடுகிறது என்று தேடிப் போனேன். கணையத்தின் தலைப்பக்கம் கறுப்பாக, ஓரம் ஒழுங்கில்லாமல், இருக்கக் கூடாத ஒன்று இருந்தது. கல்லீரலுக்குள்ளும் சின்னச் சின்னதாக. இதைப் போல எத்தனையோ பார்த்திருக்கிறேன். கை தானாக அளவெடுத்தது.

நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கன்னத்தில் உணர்ந்தேன். அப்போது எனக்கு அந்தப் பறவைதான் ஞாபகம் வந்தது. இப்போது நான் திரையிலேயே இருந்தால் இந்த அக்காவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். எத்தனையோ பிள்ளைகளுக்காக இவர் திருப்பாத பறவைத் தலையை நான் இவருக்குத் திருப்புவதா என்று தோன்றியது. பழக்கத்தையெல்லாம் உதறி, கழுத்தைத் திருப்பி, உங்கள் கண்ணுக்குள் நேராகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிக்கக்கூட முயற்சி செய்தேன் என்று நினைக்கிறேன்.

நீங்களும் என்னையே பார்த்தீர்கள். அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள்.

"நீர் என்னை ஒருநாளும் இப்பிடிப் பாக்கேல்லை."

ஸ்கேன் கருவியை வயிற்றிலிருந்து எடுத்துவிட்டேன்.

"சரி, அப்ப விளங்கிட்டுது," என்றீர்கள்.

அக்கா, உலகத்தில் வேறு எந்த நோயாளியும் அந்தப் பார்வையை நல்ல சகுனமாக எடுத்திருப்பார். பார்க்காதவள் பார்த்ததால் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பிழைப்பீர்கள் என்று சொல்லத் திரும்பியவள், ஒரு வார்த்தை பேசாமல் மற்றதைச் சொல்லிவிட்டேன். வழக்கம்போலத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் உங்களுக்கு இன்னும் ஒரு வாரமாவது நிம்மதி கிடைத்திருக்கும். எத்தனையோ தடவை இதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன், நான் வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்னும் பிடிபடவில்லை.

நீங்கள்தான் எனக்கு டிஷ்யூ எடுத்துத் தந்தீர்கள். "அழாதையும், வெளியில ஆக்கள் இருக்கினம்," என்றீர்கள். ஜெல்லைத் துடைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, உங்கள் குரலே மாறாமல் கிண்டலுக்கு வந்துவிட்டீர்கள். "பறவை பாத்திட்டுது. இனி நோயைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் பறக்கவேணும். மாசி மாசத்தில இந்த ஊரில நீர் எங்க போவீர், சொல்லும் பாப்பம்."

நான் விளக்கைப் போட்டேன். 

அதற்குப் பிறகு நடந்ததை எழுதி உங்களுக்குத் தெரிவிக்க ஒன்றுமில்லை, நீங்கள்தான் அதற்குள் இருந்தீர்கள். பித்தக்குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள், மஞ்சள் இறங்கியது, வைகாசியில் கொஞ்சம் சாப்பிட்டீர்கள். உங்கள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் நின்றார்கள். நீங்கள் அவரைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே சொன்னீர்கள். "செத்த டொக்டர்மாரைப் பற்றிப் படிச்சதுக்கு இந்தளவாவது பிரயோசனம் வேணும்," என்றீர்களாம். அம்மா என்னிடம் சொன்னார், அழுகைக்கு நடுவில் சிரித்துக்கொண்டு.

ஐப்பசியில், கடைசி நாட்களுக்கான ஹொஸ்பிஸுக்கு வந்தீர்கள். நான் வேலை முடிந்து வருவேன். ஒருநாள், இந்த இடத்தில் லோஷனும் பூவும் வேறு ஏதோவும் சேர்ந்து ஒரு மணம் வருகுது, உமக்குத் தந்த தோடம்பழத்தைக் கொண்டுவாரும் என்றீர்கள். இழுப்பறையிலிருந்து எடுத்து வந்தேன். கைக்குள் வைத்துக்கொண்டு மூக்கருகே கொண்டுபோனீர்கள். "இன்னும் மணக்குது," என்றீர்கள். "கொள்ளைநோயையே கலைச்சது, இது என்ன."

மரணக் குறிகள் என்று இடைக்கால வைத்தியர்கள் சொன்னதை நீங்கள் ஒருதரம் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். மூக்கு கூராகும், காது குளிரும், விரல் போர்வையைப் பிய்க்கும், நோயாளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் என்று அன்று உங்களோடு சண்டை போட்டேன். பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான் இதை எழுதியிருக்க ஏலும் என்றீர்கள். எனக்கு அது அப்போது ஏறவில்லை.

அந்தக் கடைசி நாள் மத்தியானம் நான் வந்தபோது கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று நீங்கள் கேட்டதால் தள்ளிப் போட்டிருந்தார்களாம். உங்கள் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உங்கள் அம்மா இந்தப் பக்கம் உட்கார்ந்து, முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். "விடியத்தொடக்கம் இப்பிடித்தான். கூப்பிட்டாலும் திரும்புறாள் இல்லை," என்றார். நர்ஸ், தொந்தரவு செய்ய வேண்டாம், நிம்மதியாக இருக்கிறார் என்று என் தோளைத் தொட்டாள்.

எனக்கு அந்தக் குறி தெரியும், அக்கா. நீங்கள் சொல்லித் தெரியும். நான் குனிந்து சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, கட்டிலைப் பிடித்து இழுத்தேன். நர்ஸ் ஏதோ சொன்னாள். "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று அம்மா எழுந்தார். ஓர் ஆள் நுழையும் இடைவெளி கிடைத்தது. சுவருக்கும் உங்களுக்கும் நடுவில் போய் மண்டியிட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்தேன்.

உங்கள் கண் பாதி திறந்திருந்தது. பழம் உங்கள் தாடைக்குக் கீழே, கைக்குள். கிராம்பு மணத்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், உங்கள் மூச்சு ஓயும் வரைக்கும், ஓய்ந்த பிறகும் அம்மா வந்து கண்ணை மூடும் வரைக்கும். நான் பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. என்னைப் பிடித்துவைத்திருப்பது இந்த ஒன்றுதான். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே போனீர்களா, என்னைப் பார்த்துக்கொண்டு போனீர்களா?

உங்கள் சாம்பலைத் தேம்ஸில் கரைத்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, ஸ்கேன் அறை விளக்கை அணைத்ததும் கிராம்பு மணம் வந்தது. இழுப்பறையைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவினேன். அறையை வேறு மாடிக்கு மாற்றினார்கள், அங்கேயும் வந்தது. விளக்கு எரியும்போது வராது, அணைத்தால் வரும். சில நாள் அது எனக்குத் துணையாக இருந்தது. பல நாள் பயமாக இருந்தது. நோயைக் கண்ணால் வாங்கிக்கொண்ட பறவை பறக்காமல் கூரைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் வைத்தியர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். இப்போது யார் வந்தாலும், விளக்கை அணைக்கும் முன்னாலேயே அவர்களை முகம் பார்க்கிறேன். ஸ்கேன் நடுவில் பார்க்கிறேன். நோய் ஒன்றும் இல்லாதவர்களையும் பார்க்கிறேன், இருக்கிறவர்களையும் அதே மாதிரி பார்க்கிறேன். முதலில் கழுத்து வலித்தது. ஒரு சில பேர் சங்கடப்பட்டார்கள். உங்கள் பொம்மை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பார்த்ததே, அதைப் போல நானும் பார்க்கிறேன். என் பார்வையில் இனி யாரும் எதையும் படிக்க முடியாது. அதனால் கெட்ட செய்தி என்றால் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இது நான் எதிர்பார்க்காதது.

காலையில் அந்தப் பெரியவர் கிராம்பு மணக்கிறது என்று சொன்னாரே. அப்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. விளக்கை அணைத்தேன். அப்போதும் எனக்கு வரவில்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்த அறையில் வெறும் ஜெல் வாசனைதான். அவருக்கு மட்டும் மணத்துக்கொண்டிருந்தது. "நல்ல மணம். ஆசுபத்திரி மாதிரியே இல்லை," என்று ஆறுதலாகப் படுத்துக்கொண்டார்.

அவருக்கு இருந்தது, அக்கா. ஏறத்தாழ அதே இடத்தில். கை அளவெடுத்துக்கொண்டிருக்க, நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"என்ன டொக்டர், இப்பிடிப் பாக்கிறீங்கள்? எனக்கு ஏதும் கிடக்கோ?"

"எல்லாரையும் இப்படித்தான்யா பார்ப்பேன்," என்றேன். விளக்கைப் போட்டேன், நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தேன். "ஆனா உங்களுக்கு ஒண்ணு இருக்கு. சொல்றேன், கேளுங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.